பதினெட்டு இலக்கம், ஒரே அடி

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரு முகத்தில் மணியைக் குறிப்பவை ஹீப்ரு எழுத்துகள். எழுத்தையே எண்ணாக வைக்கும் வழக்கம் கேரளத்துக் கணிதர்களிடமும் இருந்தது. அவர்கள் அதைச் செய்யுளாகவே வளர்த்தார்கள். கடபயாதி என்று அதற்குப் பெயர்.

க, ட, ப, ய நான்கும் 1. அங்கிருந்து வடமொழி மெய்வரிசைப்படி 2, 3 என்று ஏறும். உயிர்க்குறிக்கு மதிப்பு கிடையாது. கூட்டெழுத்தில் கடைசி மெய்யே கணக்கு. வந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சங்கீதம் பயின்ற வீடுகளுக்கு இது புதிதல்ல: மாயாமாளவகௌளையின் முதல் இரண்டு எழுத்துகளில் 'மா' 5, 'யா' 1, திருப்பினால் 15. பதினைந்தாவது மேளகர்த்தா ராகம் அதுதான்.

இக்கலையின் உச்சம் என்று நான் கருதுவது, கடத்தநாட்டு அரச குடும்பத்துச் சங்கர வர்மன் 1819-ல் இயற்றிய 'சத்ரத்னமாலா'வில் இருக்கிறது. ஒன்றையடுத்துப் பதினேழு சுழி போட்ட எண்ணை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குச் சுற்றளவு என்ன? 314159265358979324 என்கிறார். பதினெட்டு இலக்க முழு எண். உண்மையான சுற்றளவு 323-இல் முடிந்து, மேலே .846 என்று போகிறது. முக்காலைத் தாண்டியதால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தியிருக்கிறார். அலகை மில்லிமீட்டராகக் கொண்டால் அந்த வட்டத்தின் விட்டம் பத்தாயிரம் கோடி கிலோமீட்டர்; பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் அறுநூற்று அறுபது மடங்குக்கு மேல். அத்தனை பெரிய வட்டத்தில் பிழை ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை!

இலக்கங்களின் எண்ணிக்கையில் இது உலகச் சாதனை அல்ல. ஐரோப்பியக் கணிதர் லூடால்ஃப் வான் கியூலன் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை (π) மதிப்பில் முப்பத்தைந்து இலக்கங்களை எட்டிவிட்டார். சங்கர வர்மனின் பெருமை வேறு. பதினெட்டு இலக்கத்தையும் பொருளுள்ள ஒரே அடிக்குள் அடைத்தார். அந்த எண்ணில் ஒன்பது மூன்று முறை வருகிறது. ஒன்பதுக்கான எழுத்துகளோ மிகக் குறைவு. மூன்று இடத்திலும் 'த' வரிசையின் நான்காம் எழுத்தையே வைத்து, சொல் முட்டாமல் நடத்திச் செல்கிறார். கணிதம், சிரத்தை என்ற சொற்களும் அந்த அடிக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

வெறும் இலக்கங்களைப் படியெடுப்பவர் ஒன்றை மாற்றி எழுதினால் கண்டுபிடிப்பது கடினம். செய்யுளில் ஓர் அசை பிறழ்ந்தால் பொருளோ சந்தமோ காட்டிக்கொடுத்துவிடும். ஓலையில் எழுதி, மனப்பாடமாகக் கடத்திய காலத்தில் இதைவிட நல்ல காவல் இருந்திருக்க முடியாது.

தமிழில் 'க' ஒன்றே வடமொழிக் 'க' வரிசையின் முதல் நான்கு ஒலிகளுக்கும் நிற்பதால், கிரந்தத்திலோ மலையாளத்திலோ எழுதினால்தான் கணக்கு பிசகாது. எர்ணாகுளத்தில் வளரும் நம் பிள்ளைகள் மலையாள எழுத்தைப் பள்ளியிலேயே கற்கிறார்கள். எழுபத்திரண்டு மேளகர்த்தாப் பெயர்களில், முதல் இரண்டு எழுத்துகளில் கூட்டெழுத்து வராதவற்றை அவர்கள் கையில் கொடுத்து, எண்ணைத் தாங்களே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.