வீடே பள்ளிக்கூடமானால்?



"பிள்ளைகளும் பகுத்தறிவும்" என்பது பற்றி நான் பேசுவேன் என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் துண்டு விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். அதைப் பேச எனக்குள்ள யோக்கியதை என்னவென்று பார்த்தால், நான் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைக் கண்டவனல்ல. மீதிப் படிப்பெல்லாம் சைக்கிள் கடையில் கை துடைக்க வாங்கிப் போட்ட பழைய பத்திரிகைகளைத் துடைப்பதற்கு முன் படித்துப் பார்த்ததுதான். ஆகவே தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. 2021ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், என் சொந்த வீட்டில், என் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் உபாத்தியாயராயிருந்து நான் அவமானப்பட்ட கதையை உள்ளபடியே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பத்தொன்பது மாதம்! அந்தக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் நடந்தது. எங்கள் வீட்டில் கைப்பேசி ஒன்றே ஒன்று, அதிலும் பாதி நாள் காசு போடாமல் கிடக்கும். மகளுக்கு எட்டு வயது. மகனுக்கு ஆறு வயது; ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்ததே தவிர, வகுப்பறை எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஊரடங்கினால் கடையும் மூடிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு அந்தக் கர்வம் வந்தது. "மேடையில் நூற்றுக்கணக்கான பேருக்குப் புத்தி சொல்லுகிறவனுக்கு இரண்டு குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல முடியாதா?" என்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினேன். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு என்று நாலு மணி வரையில் நிரப்பியிருந்தேன். பத்தரை மணிக்கெல்லாம் அது செத்துவிட்டது. பையனுக்கு "அ" எழுத வரவில்லை. விரலைப் பிடித்து இழுத்தேன், இருபது தரம் எழுதச் சொன்னேன், அதட்டினேன். செவ்வாய்க்கிழமை, வெட்கத்தைவிட்டுச் சொல்லுகிறேன், தலையில் ஒரு குட்டும் வைத்துவிட்டேன். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது என்கிறது. அதை இதே மேடையில் நின்று உங்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான்தான். வீட்டில் கேட்க ஆளில்லை என்றதும் என் கை தானாகவே எழுந்தது.

திண்ணையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் எழுந்து வந்தார். அவருக்கு எழுத்து வாசனையே கிடையாது. "ஏண்டா, கோலம் போடப் பழக்குறவ முதல்ல நேர்க்கோடு இழுக்கத்தானே பழக்குவா? நீ எடுத்த எடுப்புலயே சிக்குக் கோலம் போடச் சொன்னா பச்சப் புள்ள என்ன பண்ணும்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். "அ"வில் எத்தனை சுழி, எத்தனை வளைவு! "ட" என்பது இரண்டே கோடு. "ப" மூன்று கோடு. அதன் பிறகு "ம". வாசலில் மணலைக் கொட்டி அந்த மூன்றை மட்டும் எழுத வைத்தேன். சனிக்கிழமைக்குள் "படம்" என்று எழுதி, தானே வாசித்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து விரலால் கூடவே எழுதிக்கொண்டிருந்த என் தாயாரும் வாசித்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில் அவர் படித்த முதல் வார்த்தை அதுதான்.

நிற்க. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நடந்ததைச் சொல்லத்தான் நான் இங்கே வந்தேன். மகளுக்கு அறிவியல் பாடம். "சூரியன் உதிப்பதுபோல் தெரிகிறதே தவிர, உண்மையில் பூமிதான் தன்னைத்தானே சுற்றுகிறது" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள். "புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்றேன். "புத்தகத்தில் போட்டவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ, வாயை மூடு" என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ஏங்க, மேடையில வேறமாதிரியில்ல பேசுவீங்க?" என்று கேட்டார், பாருங்கள்!

தோழர்களே! இருபது வருஷ காலமாக, "முன்னோர் சொன்னார்கள், ஏட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதே" என்று ஊர் ஊராய்ப் போய்க் கத்திய நான், பூமி சுற்றுகிறது என்பதற்கு என்ன ருசு என்று ஒரு நாளாவது கேட்டவனா? கேட்டதில்லை. ஒரு புத்தகத்தை நம்புவதை நிறுத்தி இன்னொரு புத்தகத்தை நம்பியிருக்கிறேன், அவ்வளவுதான். மறுநாள் வாசலில் ஒரு குச்சியை நட்டு நிழல் நகர்வதைக் காட்டினேன். அதற்கும் அவள், "சூரியன் நகர்ந்தாலும் நிழல் இப்படித்தானே நகரும்?" என்றாள். சரியான கேள்வி. தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு பழைய விஞ்ஞானப் புத்தகத்தில் பதில் கிடைத்தது. 1851இல் பாரிஸ் நகரத்தில் பூக்கோ என்கிற பிரெஞ்சுக்காரர், ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து நீண்ட கம்பியில் கனமான குண்டைக் கட்டி ஆடவிட்டாராம். குண்டு ஆடும் திசை நேரமாக ஆக மெல்லத் திரும்பியதாம். குண்டை யாரும் திருப்பவில்லை, அடியிலிருந்த பூமிதான் திரும்பியது என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்களாம். இதைச் சொன்னதும் அவள், "நாமும் கட்டிப் பார்க்கலாமா?" என்றாள். எங்கள் ஓட்டு வீட்டில் அதற்கு உயரம் ஏது!

புதன்கிழமை கணக்கு நன்றாக நடந்தது. புத்தகத்தை மூடிவிட்டு 28 அங்குலச் சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கழற்றி, டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுத் தரையில் ஒரு சுற்று உருட்டச் சொன்னேன். அளந்தால் 7 அடி 4 அங்குலம். குறுக்களவைப்போல் மூன்று மடங்கும் இன்னும் 4 அங்குலமும். சின்னப் பிள்ளைகள் ஓட்டும் 20 அங்குலச் சக்கரத்தையும் உருட்டினாள். அதுவும் மூன்று மடங்கு, மேலே கொஞ்சம். பிறகு டப்பா மூடி, சாப்பாட்டுத் தட்டு, பாட்டியின் வளையல் என்று வீட்டிலுள்ள வட்டத்தையெல்லாம் நூலால் அளந்து பார்த்தாள். எதுவும் மாறவில்லை. அன்று ராத்திரி நான் சொல்லாமலே என்னிடம் வந்து, "எல்லா வட்டத்துக்கும் இப்படித்தான்பா, நானே பார்த்துட்டேன்" என்றாள். (ஏன் அப்படி என்று அவள் கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பேன், அதிர்ஷ்டத்தில் நம்பிக்கையிருந்தால்.)

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் வீட்டிலேயே படிக்க வைக்கலாமே, பள்ளிக்கூடம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் அப்படிச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஜெர்மனியில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீரவேண்டும். அவர்கள் சங்கதி அவர்களோடு இருக்கட்டும். நம் நாட்டில் "வீடு" என்பது யாருக்கு என்னவாயிருந்தது? என் தாயாரை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், அதனால் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்களாம். அவருக்குக் கிடைத்த வீட்டுக்கல்வி அது! 1953இல் ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாயிருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்வது என்று ஒரு திட்டம் வந்தது. சிரைக்கிறவன் பிள்ளைக்குச் சிரைப்பு, வெளுக்கிறவன் பிள்ளைக்கு வெளுப்பு. நாடு முழுவதும் கிளர்ந்ததன் பேரில் 1954இல் காமராசர் முதன்மந்திரியானதும் அது ஒழிந்தது. அதுவும் வீட்டுக்கல்விதான்! 2016ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தமோ, 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடமே பத்தொன்பது மாதம் மூடிக்கிடந்தால் "விடுமுறை" எது, "பள்ளி விட்ட பிறகு" எது?

அந்த வியாழக்கிழமை எதிர்வீட்டுக்காரர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வயது. "அண்ணே, பையன் சும்மாதான் சுத்துறான். கடை திறந்ததும் ஒத்தாசைக்கு வச்சுக்குங்க. சம்பளம் கூட வேணாம், தொழில் கத்துக்கிட்டா போதும்" என்றார். கெட்ட மனிதரல்ல, அவருக்கும் அப்போது வேலை கிடையாது. நான் முடியாதென்று சொல்லி, மத்தியானத்தில் பாடத்துக்கு அனுப்பச் சொன்னேன். பையன் இரண்டு நாள் வந்தான். ஏழாம் வகுப்புக்குரிய பையன், என் மகளின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். மூன்றாம் நாள் வரவில்லை. விசாரித்தால், செங்கல் லாரியில் ஏற்றி இறக்கப் போகிறான், நாளைக்கு 200 ரூபாய் என்றார்கள். என் பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டு சக்கரமும் ஒரு பாட்டியும் சண்டை போட ஒரு தகப்பனும் இருந்தார்கள். அவனுக்கு மாஸ்டரிடமிருந்து கிடைத்தது வசவு.

அக்டோபரில் அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வி என்று தொடங்கி, எங்கள் தெருவிலும் ஒரு பெண் மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் அதற்கும் வரவில்லை. நவம்பரில் பள்ளி திறந்தபோதும் வரவில்லை. அவன் தகப்பனாரிடம் நான் நாலு தரம் போனேன். இரண்டு தரம் சண்டை. நாலாவது தரம் என் மனைவி கூட வந்து அவன் தாயாரிடம் பேசினார். 2022 ஜூனில் எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். மாற்றுச் சான்றிதழ் இல்லையென்றோ, வருஷத்தின் நடுவில் வந்தார்கள் என்றோ தள்ளக் கூடாது, வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று அதே கல்விச் சட்டத்தில் இருக்கிறது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தெருவிலும் அப்படி நின்றுபோன பிள்ளைகள் இருப்பார்கள். பெயரும் வீடும் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் வந்து என்னிடம் சொல்லுங்கள். நாளைக் காலை கடையை மத்தியானம்தான் திறக்கப்போகிறேன். இரண்டு மூன்று வீட்டுக்குப் போக நேரமிருக்கிறது.