விளையாடப் போனோமா, வெல்லப் போனோமா?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் வைத்தியர்களாக வந்தவர்களைப் பேசக் கூப்பிட்டால் சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றுதான் சொல்வோம் என்று பலர் நினைத்திருப்பீர்கள். மண்டபத்துக்கு வெளியே வடையும் தேநீரும் காத்திருக்கின்ற நேரத்தில் அந்தப் பாவத்தைச் செய்ய விருப்பமில்லை. அடுத்த மாதம் எங்கள் மைதானத்தில் நூற்றாண்டுக் களியாட்ட விழா நடக்க இருக்கிறது. அதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம்.

கடந்த ஓகஸ்ற் விடுமுறையில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஆறு குடும்பங்கள் ஒன்றாக வான் பிடித்துக் கொழும்புக்குப் போய், அடுத்த நாள் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். நுழைவுச் சீட்டுக்கு நல்ல காசு கொடுத்தோம். நீர்ச்சறுக்கு, ரோலர் கோஸ்டர், ராட்சத இராட்டினம், மோதி விளையாடும் கார் எல்லாம் அந்தச் சீட்டுக்குள் அடக்கம். எங்களில் ஒருத்தியின் மகனுக்கு எட்டு வயது. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அவன் வளையம் எறிகின்ற கடைக்கு முன்னால் நின்றுவிட்டான். மேலே ஒரு பெரிய நீலக் கரடி தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வளையம் 300 ரூபாய். ஒரு வளையமாவது போத்தலின் கழுத்தில் விழுந்தால் கரடி.

விழவில்லை. இன்னொரு 300. அதுவும் விழவில்லை. அவனுடைய அப்பா எறிந்தார், மாமா எறிந்தார், கடைசியில் நாங்களும் எறிந்தோம். ஏழாவது தடவையோடு 2,100 ரூபாய் போய்விட்டது. வெளியில் எந்தக் கடையில் கேட்டாலும் அந்தக் காசுக்கு அப்படியொரு கரடி தந்திருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் இராட்டினத்தில் மூன்றாம் சுற்றுப் போய்க்கொண்டிருந்தபோது இவன் வாங்கில் இருந்து அழுதுகொண்டிருந்தான். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மம்மா, "எப்படியடா ராசா இருந்தது?" என்று கேட்டார். "நான் தோத்துப்போனன் அம்மம்மா" என்றான். இராட்டினத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பதில் எங்களைச் சுட்டது. பிள்ளையைக் குறை சொல்ல முடியவில்லை. வளையம் எறிந்த பெரியவர்கள் நாங்கள்தானே.

அந்தக் கடைக்காரர் எங்களை ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. வளையத்தின் உள்வட்டம் போத்தலின் கழுத்தைவிடச் சற்றுத்தான் பெரிது. கடினமான பிளாஸ்ரிக் கண்ணாடியில் பட்டால் துள்ளும். பத்துப் பேர் வெல்லாத காசில்தான் பதினோராவது ஆளுக்குக் கரடி வாங்க முடியும். இல்லாவிட்டால் அவர் கடையைப் பூட்ட வேண்டும்.

எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய அனுமதியோடு ஒரு சின்னக் கணக்கு. எங்கள் விழாவில் கட்டம் கீறிய பலகையில் குற்றி எறிகின்ற விளையாட்டு எப்போதும் இருக்கும். குற்றி கோட்டில் படாமல் ஒரு கட்டத்துக்குள் முழுதாக விழ வேண்டும். கட்டத்தின் பக்கம் 5 சென்ரிமீற்றர், குற்றியின் விட்டம் 2.5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். குற்றி கோட்டில் படாமல் இருக்க வேண்டுமென்றால் அதன் நடுப்புள்ளி, உள்ளே இருக்கும் 2.5 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் விழ வேண்டும். அந்தச் சதுரத்தின் பரப்பு முழுக் கட்டத்தின் நாலில் ஒன்று. ஆகவே குறி பார்க்காமல் எறிந்தால் வெல்ல நூற்றுக்கு 25 வாய்ப்பு. இப்போது கட்டத்தை 4 சென்ரிமீற்றர் ஆக்கிப் பாருங்கள். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வாய்ப்பு நூற்றுக்கு 14 ஆக இறங்கிவிடும். இது புதிய கணக்கு இல்லை. பியூபோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1733 இல், தரையோட்டில் நாணயம் எறிகின்ற விளையாட்டை வைத்து இதே விடயத்தைப் பாரிசில் விஞ்ஞானக் கழகத்தின் முன் விளக்கினார்.

பெரிய கட்டத்திலேகூட, ஐந்து முறை எறிகின்ற பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளை ஒன்றும் வெல்லாமல்தான் போகும். அந்தப் பிள்ளையின் கையில் பிழையில்லை. ஐந்து தடவை தவறியதால் ஆறாவது கட்டாயம் விழும் என்றும் இல்லை. முன்பு எங்கே விழுந்தது என்பது குற்றிக்குத் தெரியாது.

இவ்வளவும் படித்த நாங்கள் ஏன் ஏழு தடவை எறிந்தோம்? மூன்றாம் தடவை ஒரு வளையம் போத்தலின் கழுத்தில் தட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. எல்லோரும் "ஆ!" என்று கத்தினோம். அதன்பிறகு விட்டுவர மனம் வரவில்லை. 2009 இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சூதாட்டப் பொறி போன்ற ஒரு விளையாட்டில் பரிசோதித்தார்கள். மயிரிழையில் தவறியபோது விளையாடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தொடர்ந்து விளையாட வேண்டும் என்ற ஆசை கூடியது. வெல்லும்போது மூளையில் உசும்புகின்ற சில பகுதிகள் மயிரிழையில் தவறும்போதும் உசும்பியதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். பெரியவர்களுடைய மூளையே இப்படியென்றால் எட்டு வயதுப் பிள்ளையை நொந்து என்ன பயன்?

இன்னொரு பரிசோதனை 1973 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில், படம் கீறுவதில் விருப்பமுள்ள பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, "கீறினால் அழகான சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒன்றும் சொல்லாமல் கீறி முடிந்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரத்தின்பின் பேனைகளை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். பரிசு கிடைக்கும் என்று தெரிந்து கீறிய பிள்ளைகள், மற்றவர்கள் கீறிய நேரத்தில் பாதியளவுதான் கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி எந்தக் குறைவும் வரவில்லை. பரிசு கொடுத்ததால் அல்ல, பரிசை முன்னால் தொங்கவிட்டதால்தான் விருப்பம் குறைந்தது.

இதைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்தன. புலமைப்பரிசில் புள்ளி, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை, பரிசளிப்பு விழாவில் எத்தனை தடவை மேடை ஏறினாய் என்று கேட்டுக் கேட்டு வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த வளர்ப்பு எங்களுக்குத் தொழில் தந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் விளையாடப் போன இடத்திலும் அதே கேள்வியை எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறோம். "என்ன கிடைத்தது?" என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

1992 இல் எங்கள் மைதானத்தில் நடந்த களியாட்ட விழா எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மின்சாரம் போய் இரண்டு வருடமாகிவிட்டது. பாட்டுப் போடச் சைக்கிளைத் திருப்பி வைத்து டைனமோவைச் சுற்றினோம். பழைய வண்டிற் சில்லைப் படுக்கையாகப் பூட்டி, மேலே பலகை அடித்து, உயர்தர வகுப்பு அக்காமார் தள்ள, சின்னப் பிள்ளைகள் ஏறிச் சுற்றினார்கள். மரத்தூள் நிரப்பிய பீப்பாவுக்குள் கை விட்டு எடுக்கின்ற லக்கி டிப் இருந்தது. பழைய கொப்பித் தாளில் சுற்றிய பொட்டலத்துக்குள் ஒரு பென்சில் துண்டு, அல்லது ஒரு முழம் றிபன், அல்லது இரண்டு இனிப்பு. கை விட்ட எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. எங்களில் ஒருத்திக்குப் பொட்டலத்துக்குள் ஒரு புளியங்கொட்டை வந்தது. யார் வைத்த பகிடி என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பை முப்பது வருடம் கழித்து, பூங்காவிலிருந்து திரும்பி வருகின்ற வானுக்குள்ளும் சிரித்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியவர்களுக்கு, கையில் என்ன எடுத்தோம், என்ன விட்டோம் என்பது தெரியும். அம்மாமார் சான்றிதழ்க் கோவையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். கிண்ணங்களும் கேடயங்களும் அலுமாரியில் நின்றன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அந்தக் கிண்ணங்கள் எந்தப் போட்டிக்குக் கிடைத்தவை என்று எங்களில் பலருக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. வண்டிற் சில்லில் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தோம் என்று கேளுங்கள், உடனே சொல்வோம்.

இனி, வைத்தியர்களாக ஒரு சில யோசனைகள். சீனியைப் பற்றி அல்ல.

கேளிக்கைப் பூங்காவுக்கோ களியாட்ட விழாவுக்கோ பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு முன், பரிசுக் கடைகளுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். "இது விளையாடுகின்ற காசு, முடிந்தால் முடிந்ததுதான்" என்று முதலே சொல்லுங்கள். ஐஸ்கிறீம் வாங்கிய காசைத் திருப்பிக் கேட்கிறோமா? இதுவும் அப்படித்தான். கரடிதான் வேண்டுமென்றால் வருகின்ற வழியில் கடையில் வாங்கிக் கொடுங்கள்.

வளையம் எறியும்போது குறி பார்ப்பதை, தவறுவதை, வளையம் துள்ளி எங்கேயோ ஓடுவதைச் சேர்ந்து சிரியுங்கள். பெரியவர்கள் தோற்றுக் காட்டுவது நல்லது. நாங்கள் தோற்றுவிட்டுச் சிரிக்கிறோமா, பொக்கற்றில் கை விடுகிறோமா என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

பரிசுக் கடையை நாளின் கடைசியில் வைக்காதீர்கள். இதற்கும் ஓர் ஆதாரம் உண்டு. பெருங்குடலைக் குழாய் விட்டுப் பரிசோதிக்கும்போது ஏற்படும் வலியை நோயாளிகள் பின்னர் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று ரெடெல்மையரும் கானமனும் 1996 இல் ஆய்வு வெளியிட்டார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பதைவிட, மிக அதிகமாக வலித்த கணமும் கடைசி நிமிடங்களும்தான் நினைவைத் தீர்மானித்தன. பூங்காவுக்கு இந்த உதாரணத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். தோல்வியோடு முடிகின்ற நாள் முழுவதும் தோல்வியாகவே நினைவில் நிற்கக்கூடும். முதலில் கடை, பிறகு சவாரிகள், கடைசியில் எல்லோரும் ஒன்றாக ஏறுகின்ற ஓர் ஆறுதலான இராட்டினம் என்று ஒழுங்கு செய்யுங்கள்.

சவாரிகளுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். வெயிலில் தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகளும் இருதய நோய், முதுகு நோய் உள்ளவர்களும் வேகமான சவாரிகளைக் கீழே நின்று பார்த்துக் கைகாட்டினால் போதும். கைகாட்ட ஓர் ஆள் இருந்தால்தான் மேலே இருக்கும் பிள்ளைக்கும் சந்தோஷம்.

கடைசியாகச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக் களியாட்ட விழாவுக்கு யார் அதிகம் வென்றார் என்று கிண்ணம் கொடுக்கும் யோசனை ஒன்று இருப்பதாக அறிந்தோம். அதைக் கைவிடுவீர்களா? குற்றிப் பலகையின் கட்டங்களைப் பெரிதாகக் கீறுவோம். லக்கி டிப் பீப்பாவை மறுபடியும் வைப்போம். கை விடுகின்ற எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு போகாமல் பொட்டலம் கட்டுகின்ற வேலையை 97 வகுப்பு பொறுப்பெடுக்கிறது. ஒன்றிரண்டுக்குள் புளியங்கொட்டையும் இருக்கும். வண்டிற் சில்லு கிடைத்தால் தள்ளவும் வருவோம், முழங்கால்கள் அனுமதித்தால்.

அன்று மாலை உங்கள் பிள்ளையும் பேரப்பிள்ளையும் வீட்டுக்கு வந்ததும் "என்ன கிடைத்தது?" என்று கேட்காதீர்கள். "எதில் ஏறினாய், ஆரோடு ஏறினாய்?" என்று கேளுங்கள். அந்த நீலக் கரடிக்காரனும் வருவான். அவனை முதல் சுற்றிலேயே ஏற்றுவதாக நாங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.