பயிற்சி எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி வைத்தியர் ஒருவர் தம் வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டும் உடல்நலமும் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது, எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் கூடிப் பேசி ஒரு கேள்வியைத் தெரிவு செய்தோம். பொழுதுபோக்காகக் கோல்ப் ஆடும் ஒருவர், விடாப்பிடியான பயிற்சியால் மட்டும் தொழில்முறை வீரராகிவிட முடியுமா?

கோல்ப் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் வலைப்பந்தும் எல்லேயும் ஆடி வளர்ந்தவர்கள். றோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879 இல் தொடங்கியது. அவ்வளவு பழைய விளையாட்டாக இருந்தும், எங்களில் பெரும்பாலானோர் அதைச் சுற்றுலாப் பேருந்தின் யன்னலால் நுவரெலியாவில் கண்டதோடு சரி. ஆனால் முயற்சியின் பலனை அளந்து பார்க்க இதைவிட வசதியான விளையாட்டு இல்லை. பந்து அசையாமல் நிற்கும். எதிராளி வந்து தட்டிப் பறிக்க மாட்டார். அடிக்கும் ஒவ்வோர் அடியும் எண்ணப்படும். ஆகவே ஒருவர் எவ்வளவு முன்னேறினார் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அதோடு, இந்தக் கேள்விக்கு விடை தேடித் தன்னையே சோதனைக்கு உட்படுத்திய ஒரு மனிதரும் இருக்கிறார்.

அவர் டான் மக்லாக்லின். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லன்ட் நகரில் புகைப்படக் கலைஞராக இருந்தவர். 2010 ஏப்ரலில், 30 வயதில், வேலையை விட்டுவிட்டுக் கோல்ப் பழகத் தொடங்கினார். அதற்கு முன் அவர் கோல்ப் ஆடியவர் என்று சொல்வதற்கில்லை. 10,000 மணித்தியாலம் முறையாகப் பயின்று அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ சுற்றில் இடம் பிடிப்பதே அவருடைய திட்டம். முதலில் குழிக்கு மிக அருகில் நின்று பந்தை உருட்டி விழுத்த மட்டும் மாதக்கணக்கில் பழகினார். பிறகுதான் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டினார். பயிற்றுநர் வைத்திருந்தார், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கணக்கு வைத்திருந்தார்.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது? 1993 இல் உளவியலாளர் அன்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பேர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணித்தியாலத்துக்கு மேல் தனியே பயின்றிருந்தார்கள். இசையாசிரியராக விரும்பியவர்களின் கணக்கு அதில் பாதிக்கும் குறைவு. 2008 இல் மல்கம் கிளாட்வெல் எழுதிய நூல் இந்த எண்ணை உலகெங்கும் பரப்பியது. பரவிய வழியில் ‘சராசரி’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது. 10,000 மணித்தியாலம் பயின்றால் எவரும் எதிலும் வல்லவராகலாம் என்று எரிக்சன் சொல்லவில்லை. தம் ஆய்வு அப்படி விளங்கிக்கொள்ளப்பட்டதை அவரே மறுத்து எழுதினார்.

டான் எவ்வளவு தூரம் போனார்? ஒரு கோல்ப் திடலில் 18 குழிகள். அவற்றை முடிக்க ஒரு வல்லவருக்குத் தேவையென வகுத்திருக்கும் அடிகள் பெரும்பாலும் 72. நன்றாக ஆடும் நாளில் ஒருவர் அதற்கு மேல் எத்தனை அடி எடுப்பார் என்பதை ஹண்டிகப் என்ற எண் காட்டும். எண் குறையக் குறைய ஆட்டக்காரர் மேல். நாலைந்து ஆண்டுகளில் டான் 2.6 வரை இறங்கினார். வாழ்நாள் முழுவதும் வார இறுதிகளில் கோல்ப் ஆடுவோரில் மிகப் பெரும்பாலானோர் எட்டாத இடம் அது.

ஆனால் தொழில்முறை வீரர்களின் எண் பூச்சியத்துக்கும் கீழே கிடக்கிறது. அவர்கள் 72 ஐவிட நாலைந்து அடி குறைவாக ஆடக்கூடியவர்கள். ஒரு நாளில் ஏழு அடி வித்தியாசம் என்றால், நான்கு நாள் போட்டியில் 30 அடிக்குக் கிட்ட வரும். அங்கே வெற்றியை ஒரேயோர் அடி தீர்மானிப்பது சாதாரணம். பெருந்தொகையானோர் தொடங்கும் ஒரு போட்டியில் இரண்டு நாள் முடிய ஏறக்குறைய 65 பேர்தான் மிஞ்சுவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

2015 இல், ஏறக்குறைய 6,000 மணித்தியாலம் முடிந்திருந்த நிலையில், முதுகு உபாதை டானை நிறுத்தியது. மீதி 4,000 மணித்தியாலம் என்ன செய்திருக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது.

வைத்தியர்களாகிய எங்களை இந்தக் கதையில் அதிகம் நிறுத்தி வைப்பது அந்த முதுகுதான். கோல்ப் மென்மையான விளையாட்டுப் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் அடியிலும் கீழ் முதுகு வேகமாகத் திருகப்படுகிறது. அந்த விளையாட்டில் மிகப் பொதுவான உபாதைகளுள் ஒன்று கீழ் முதுகு வலி. இரண்டு வயதிலேயே தொலைக்காட்சியில் பந்தடித்துக் காட்டிய டைகர் வூட்ஸ் பல தடவை முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 2017 இல் முள்ளந்தண்டு எலும்புகளைப் பிணைக்கும் சிகிச்சையும் நடந்தது. அதன் பின் 2019 இல் அவர் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றது வியப்புத்தான். ஆனாலும் பயிற்சியின் கணக்கைக் கொப்பியில் எழுதும்போது உடம்பும் தன் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதுகிறது.

பேர்லின் ஆய்வில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி உண்டு. மிகச் சிறந்த மாணவர்கள் அதிகம் பயின்றார்கள், அதிகம் உறங்கவும் செய்தார்கள். பகலில் குட்டித் தூக்கம் போட்டார்கள். இடைவேளை விட்டுப் பயின்றார்கள். விடிய நான்கு மணிக்கு எழுப்பி இரவு பதினொரு மணிவரை வகுப்புக்கு வகுப்பு அனுப்பும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

பிந்தித் தொடங்கி உச்சிக்குப் போனவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். லரி நெல்சன் வியட்நாம் போரிலிருந்து திரும்பி 21 வயதில் கோல்ப் தொடங்கி, 1981, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் பட்டங்களை வென்றார். கல்வின் பீட் 20 வயது கடந்த பின் தொடங்கியவர். சிறுவயதில் முறிந்த இடது முழங்கையை அவரால் முழுதாக நீட்ட முடியாது. அவர் பிஜிஏ சுற்றில் 12 போட்டிகளை வென்றார். பந்தை நேராக அடிப்பதில் 1981 முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தார்.

இவர்களை மேடையில் காட்டி ‘பாருங்கள், முயன்றால் முடியும்’ என்று சொல்வது எளிது. ஆனால் நெல்சன் தொடங்கி ஒன்பது மாதத்துக்குள் 70 க்கும் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடித்தவர். டான் ஐந்து ஆண்டு உழைத்தும் அந்த வேகம் வரவில்லை. ஒரே மணித்தியாலம் இருவருக்கு ஒரே பலனைத் தருவதில்லை. வகுப்பறையில் நின்ற எந்த ஆசிரியரும் இதை அறிவார்.

2014 இல் மக்னமாரா என்ற ஆய்வாளரும் சகாக்களும் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விளையாட்டுத் துறையில் ஆளுக்கு ஆள் உள்ள திறமை வேறுபாட்டில் ஏறக்குறைய 18 வீதத்தையே பயிற்சி நேரம் விளக்கியது. இசையில் 21 வீதம். இரண்டு ஆண்டுகளின் பின் விளையாட்டை மட்டும் எடுத்து ஆராய்ந்தபோது, உச்ச மட்ட வீரர்களிடையே அது 1 வீதமாகக் குறைந்தது. ஆசிரியர் வழிகாட்டிய பயிற்சியையும் வெறும் பயிற்சியையும் ஒன்றாகக் கூட்டிவிட்டார்கள் என்று எரிக்சன் ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபத்தில் நியாயமும் உண்டு. எப்படியானாலும், இந்த எண்களைப் பார்த்துப் பயிற்சி வீண் என்று முடிவுகட்டக் கூடாது. உச்சியில் நிற்கும் எல்லோரும் மலையளவு பயின்றவர்கள். எல்லோரிடமும் இருக்கும் ஒன்று அவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்துக் காட்டாது. பயிற்சி இல்லாமல் அங்கே வாசலுக்கும் போக முடியாது. பயிற்சி இருந்தும் உள்ளே இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஆகவே எங்கள் விடை இது. பயிற்சியால் ஒருவர் நல்ல ஆட்டக்காரராவது ஏறக்குறைய நிச்சயம். பயிற்சியால் மட்டும் தொழில்முறை வீரராவது மிக அரிது. காரணம், முதலாவது அவரைப் பொறுத்தது. இரண்டாவது மற்றவர்களைப் பொறுத்தது. கதிரைகள் நூற்றுச் சொச்சம் என்றால், நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் உங்களைவிட நன்றாக ஆடுபவர்கள் அத்தனை பேர் இருந்தால் உங்களுக்குக் கதிரை இல்லை.

தங்கைமாரே, இங்கே நாங்கள் கோல்ப் திடலை விட்டு உங்கள் பக்கம் திரும்புகிறோம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் காலத்தில் எங்களிடம் பிள்ளைகள் வருவார்கள். தலையிடி, வயிற்று வலி, நித்திரையின்மை. கேட்டால், இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் உள்ள ஓர் இலக்கத்தால் மருத்துவ பீடம் தவறியிருக்கும். வீட்டில் சொல்லியிருப்பார்கள்: ‘இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்.’ முயற்சி திருவினை ஆக்கும் என்று சிறுவயதிலிருந்து சொல்லிக் கொடுக்கிறோம். அது நல்ல பாடம். ஆனால் அதைத் தலைகீழாகத் திருப்பி, திரு கிடைக்காதவள் முயலாதவள் என்று சொல்வது தவறு. பல்கலைக்கழக அனுமதி வெட்டுப்புள்ளி ஒரு பிள்ளையின் உழைப்பை அளப்பதில்லை. இருக்கும் இடங்களையும் கேட்டு நிற்கும் பேரையும் அளக்கிறது. அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டுகளில் படித்த உயிரியல் அவளை விட்டுப் போய்விடவில்லை.

மறுபக்கத் தவறும் உண்டு. ‘இவளுக்கு விளையாட்டு வராது’ என்று பதினொரு வயதில் ஒரு பிள்ளையைத் திடலின் ஓரத்தில் உட்கார வைப்பது. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 முதல் 60 வயது வரையானோரை முதன்முதலாகக் கோல்ப் பழக விட்டார்கள். 40 மணித்தியாலப் பயிற்சிக்குப் பின் எடுத்த மூளைப் படங்களில், அந்த வேலையோடு தொடர்புடைய பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. இது 2011 இல் வெளியான ஆய்வு. இந்த மண்டபத்தில் எங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பட்டம் வெல்லப் பிந்திவிட்டது என்பது பலருக்கு உண்மை. பழகப் பிந்திவிட்டது என்பது ஒருவருக்கும் உண்மையல்ல.

ஆங்கிலத்தில் தொழில்முறை சாராத ஆட்டக்காரரைக் குறிக்கும் ‘அமெச்சூர்’ என்ற சொல், நேசிப்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நேசிப்பதால் செய்பவர் என்பது பொருள். சட்டத்தரணியான பொபி ஜோன்ஸ் பணத்துக்காகப் போட்டியில் ஆடியதில்லை. 1930 இல் அமெரிக்க, பிரித்தானியப் பெரும் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். அவரைவிடச் சிறந்த தொழில்முறை வீரர் அன்று யார்? அப்படிப் பார்த்தால் தொழில்முறை என்பது பிழைப்பின் பெயர். திறமைக்கு அது மறுபெயர் அல்ல.

இறுதியாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நூற்றாண்டு நிதியிலிருந்து கிண்ணங்களுக்கும் கேடயங்களுக்கும் ஒதுக்குவதற்கு முன், நிரந்தரமான பெண் பயிற்றுநர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். பிழையைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லாத பயிற்சி, பிழையைத்தான் உறுதிப்படுத்தும். இரண்டாவது, பாடசாலை அணிக்குத் தெரிவாகாத பிள்ளைகளுக்கும் வாரத்தில் இரண்டு மாலை திடலைத் திறந்து விடுங்கள். மூன்றாவது, பரிசளிப்பு விழாவில் முதலிடங்களோடு கூட, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஆண்டு முடிவுக்குள் அதிகம் முன்னேறிய பிள்ளைக்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பரிசு வையுங்கள். அந்தப் பரிசுக்கான செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.