அயல்மண்ணில் ஆசிரியர்



ஜப்பானிய மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல் 'சென்செய்' என்பதாகும். முன்னே பிறந்தவர் என்பது அதன் நேர்ப்பொருள். பிற நாட்டுப் பட்டதாரி இளைஞர்களை அழைத்து, அவர்களுள் பெரும்பாலோரைப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்களுக்குத் துணையாக அமர்த்தும் திட்டம் ஒன்றை ஜப்பானிய அரசு 1987ஆம் ஆண்டு தொடங்கியது. முதலாண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் சென்றனர். கல்லூரியை விட்டு வந்த சூடு ஆறாத ஓர் இளைஞர் வகுப்பறையில் நுழைகிறார். மாணவர் எழுந்து நின்று, 'முன்னே பிறந்தவரே' என வணங்குகின்றனர். அவரே பள்ளியைவிட்டு வீதிக்கு வந்தால் கடைப் பலகையைக்கூடப் படிக்க இயலாமல் திகைக்கிறார். முன்னே பிறந்தவர் ஊருக்கே இளைய குழந்தையாகிவிடுகிறார். இந்த முரணிலேதான் அயல்நாட்டு ஆசிரியரின் நகைச்சுவை பிறக்கிறது.

அந்நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டுகள் பல. பள்ளி வாயிலில் வீதிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அணியும் காலணிக்கு மாற வேண்டும். கழிப்பறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு. அதை மாற்ற மறந்து வகுப்பறை வரை நடந்துவந்துவிடும் ஆசிரியரைக் கண்டு சிரிக்காத பிள்ளைகள் இரார். நண்பகலில் மாணவரே வெண்தொப்பி அணிந்து உணவு பரிமாறுவர். அவர்களே துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பறையைத் தூய்மை செய்வர். டோராஎமான் என்னும் நீலப் பூனையைக் கரும்பலகையில் வரையத் தெரிந்த ஆசிரியர் பாதிப் பாடத்தை நடத்தி முடித்தவராகிறார். ஆண்டிறுதியில் 'போனென்காய்' எனும் விருந்து நடைபெறும். ஆண்டை மறக்கும் கூட்டம் என்பது அதன் பொருள். நாள்தோறும் முகம் இறுகியிருந்த தலைமையாசிரியர் அன்று கராஓகேக்கு எழுந்து, கண்களை மூடிக் காதற்பாட்டுப் பாடினாலும் வியப்பதற்கில்லை.

இவை வெறும் வேடிக்கைகள்தாமா? நகைப்புக்கு உள்ளாதலும் ஒருவகைக் கல்வியே என்பதை விளக்க இரண்டு ஆசிரியர்களை ஒப்பிட்டுக் காணலாம். ஒருவர் வரலாற்று மனிதர். மற்றவர் நாவலின் பாத்திரம்.

முதலாமவர் லாஃப்காடியோ ஹெர்ன். 1890ஆம் ஆண்டில், இளைஞர் என்று சொல்ல இயலாத நாற்பதாம் வயதில், மாட்சுவே என்னும் நகரப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர். ஊரார் அவர் பெயரை 'ஹெருன்' என்று வழங்கினர். அவர் அதையே ஏற்றுக்கொண்டார். கொய்சுமி செட்சு என்னும் ஜப்பானியப் பெண்மணியை மணந்தார். இவருக்கு ஜப்பானியம் வராது. அம்மையாருக்கு ஆங்கிலம் வராது. வேற்றுமை உருபும் இல்லாமல், வினை விகுதியும் இல்லாமல், சொற்களை வெறுமனே அடுக்கிப் பேசும் ஒரு மொழியை இருவரும் தமக்குள் உண்டாக்கிக்கொண்டனர். 'ஹெருன் மொழி' என்றே அதற்குப் பெயர் வாய்த்தது. நம் இலக்கண ஆசிரியர் கேட்டால் செவியைப் பொத்திக்கொள்வார். ஆயினும் அந்த உடைந்த மொழியில்தான் செட்சு பழைய பேய்க்கதைகளைச் சொன்னார். நூலைப் பார்த்துப் படிக்க வேண்டா, தன் சொற்களிலேயே கூறவேண்டும் என்பது கணவரின் வேண்டுகோள். 1904இல் வெளிவந்த 'குவைதான்' என்னும் புகழ்பெற்ற தொகுப்பு இவ்வாறு வீட்டுப் பேச்சிலிருந்து விளைந்த செல்வமாகும்.

இரண்டாமவர் நட்சுமே சோசெகி 1906இல் படைத்த 'போட்சான்' நாவலின் நாயகன். டோக்கியோவில் வளர்ந்த இவ்விளைஞன் தொலைவிலுள்ள ஒரு சிற்றூருக்குக் கணக்கு ஆசிரியனாகிறான். சொந்த நாட்டிலேயே அவன் அயலான். ஒருநாள் கடையில் நான்கு கிண்ணம் தெம்புரா நூடுல்ஸ் உண்கிறான். மறுநாள் கரும்பலகையில் அவனுக்குத் தெம்புரா ஆசிரியர் என்ற பட்டம் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது! அவனால் அதைப் பொறுக்க முடியவில்லை. சினந்து சினந்து, இறுதியில் அவ்வூரையே வெறுத்து வெளியேறுகிறான். படைத்தவரோ 1895இல் மாட்சுயாமாவில் ஆசிரியராக இருந்தவர். தம் நாயகனைப் பார்த்துத் தாமே நகைக்கிறார். நாவலின் களம் தம் ஊரே எனக் கருதும் மாட்சுயாமா மக்களும் அந்த ஏளனத்துக்குச் சினக்கவில்லை. போட்சான் பெயரில் இனிப்பு உருண்டை செய்து விற்கின்றனர்.

தமிழர் ஜப்பானைக் கண்டது எவ்வாறு? 'உலகம் சுற்றும் வாலிபன்' 1970ஆம் ஆண்டின் ஒசாகா உலகப் பொருட்காட்சியைக் காட்டிற்று. 'ஜப்பானில் கல்யாணராமன்' 1985ஆம் ஆண்டின் சுகுபா பொருட்காட்சியைக் காட்டிற்று. முன்னது மக்கள் பெரிதும் விரும்பிய படம். ஆனால் இரண்டிலும் கண்ணைக் கவர்ந்தது பொருட்காட்சி. வீட்டு வாயிலைத் தாண்டும் வாய்ப்புக் குறைவு.

ஜப்பானியர் நம்மைக் கண்டதும் சுவையானது. ஜூன் எடோகி என்னும் திரை விமர்சகர் 1996இல் சிங்கப்பூரில் 'முத்து' படத்தைக் கண்டு வியந்தார். 1998இல் டோக்கியோவின் ஷிபுயாப் பகுதியில் வெளியான அப்படம் ஒரே அரங்கில் 23 வாரங்கள் ஓடியது. அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'முத்து: ஆடும் மகாராஜா' என்பது. கதையில் முத்து வண்டியோட்டும் பணியாளன். பின்னரே ஜமீன் வாரிசு எனத் தெரியவருகிறது. தமிழ்நாட்டில் ஆடுகிறவன் மகாராஜாவாகத்தான் இருக்க வேண்டும் போலும்! நாம் அவர்களைப் பொருட்காட்சியாக்கினோம். அவர்கள் நம்மை அரண்மனையாக்கினர். கணக்குச் சரியாயிற்று.

இந்தக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாஸும் அவர்தம் துணைவியார் மனோன்மணியும் ஜப்பானில் சுசுமு ஓனோவுடன் இணைந்து தமிழையும் ஜப்பானியத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஓனோவின் மொழியுறவுக் கொள்கையை மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனினும் அவர் மொழியோடு நின்றுவிடாமல் அடுப்பங்கரையையும் வயலையும் கவனித்தார். நம் 'பொங்கலோ பொங்கல்' ஒலிக்கு ஒப்பாக, சனவரி நடுவில் வடகிழக்கு ஜப்பானியச் சிற்றூர்களில் எழும் 'ஹொங்கர' என்னும் கூவலைச் சுட்டினார். கொள்கை நிற்காது போகலாம். வாயிலைத் தாண்டிய அந்தப் பார்வை நிற்கும்.

இச்செய்தி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அயலானதன்று. நம் மாவட்டத்து வானூர்ப் பகுதியில் 1968 முதல் ஆரோவில் இருக்கிறது. பெரியவரை 'நீ' என்றும் சிறுவனை 'நீங்கள்' என்றும் மாற்றி விளிக்கும் வெளிநாட்டவரைக் கண்டு நகைப்பது நமக்கு எளிது. நம் பிள்ளைகளோ விழுப்புரம் சந்திப்பில் இரயிலேறி உலகின் பல மூலைகளுக்குப் போகின்றனர். அங்கே அவர்கள்தாம் செருப்பை மாற்ற மறக்கும் சென்செய்கள்.

அவ்வாறு செல்லும் மாணவச் செல்வங்கள் பயணக் கட்டுரை எழுதுவர், எழுதவும் வேண்டும். அந்நாட்டாரின் விந்தைகளைப் பட்டியலிடுவதற்கு முன், அந்நாட்டார் தம்மைக் கண்டு நகைத்த இடங்களை முதலில் எழுதட்டும். போட்சான் அதை அவமானமாகக் கொண்டான். ஓர் ஊரை இழந்தான். ஹெர்ன் அதை வாயிலாகக் கொண்டார். அவ்வழியே ஒரு நாட்டின் கதைகள் உலகுக்குக் கிடைத்தன.