சாம்பல் மழைக்குப் பதில் சொன்ன கைகள்
(ஆலை வாயிற் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

அணுகுண்டு வல்லரசுகளின் விவகாரம், கூலிக்கு உழைக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். ஜப்பானிய மீன்பிடித் தொழிலாளர்களின் கதையே இதற்குப் பதில்.

1954 மார்ச் 1 அன்று, பசிபிக் கடலில் உள்ள பிகினித் தீவில் அமெரிக்க ஏகாதிபத்தியம் ஹைட்ரஜன் குண்டொன்றைப் பரீட்சை செய்தது. ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு சக்தி! அறிவித்த அபாய எல்லைக்கு வெளியேதான் ஒரு ஜப்பானியப் படகு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் 23 தொழிலாளர்கள். சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் மழையாய்க் கொட்டியது. தோல் வெந்தது, தலைமயிர் உதிர்ந்தது. ரேடியோ ஊழியர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று மாண்டார். அருகிலிருந்த ரோங்கெலாப் தீவு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

1955-இல் அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் சட்டப்படி தனக்குப் பொறுப்பில்லை என்று கை கழுவிக்கொண்டது.

ஜப்பானிய மக்கள் அழுதுவிட்டு அடங்கிவிடவில்லை. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் மீன் வியாபாரிகளும் குடும்பப் பெண்களும் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். 1955 ஆகஸ்டுக்குள் 3 கோடிக்கு மேல் கையெழுத்துக்கள் குவிந்தன! பரீட்சைகளை நிறுத்துக என்று 1954 ஏப்ரலிலேயே நேருவும் கோரினார். உலகெங்கும் எழுந்த இந்தக் குரலை வல்லரசுகளால் புறக்கணிக்க முடியவில்லை. 1963-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. வானிலும் கடலிலும் குண்டு வெடிப்பதில்லை என ஒப்பின.

அது அரை வெற்றிதான். பூமிக்கடியில் பரீட்சைகள் தொடர்ந்தன. சோவியத் பரீட்சைகள் நடந்த கசாக்ஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் மக்களும் நோயைச் சுமந்தார்கள். நச்சுச் சாம்பல் கொடியின் நிறம் பார்த்து விழுவதில்லை, தோழர்களே!

1986-இல் உலகில் சுமார் 70,000 அணுகுண்டுகள் இருந்தன. ஒப்பந்தங்களால் அவை சுமார் 12,000 ஆகக் குறைந்தன. ஆனால் 1987-இல் ரீகனும் கோர்பச்சேவும் செய்த ஏவுகணை ஒப்பந்தம் 2019-இல் முறிந்தது. காவல் இல்லாத வரப்பை மாடு மிதிக்கும். மக்கள் விழிப்பு இல்லாத ஒப்பந்தத்தை ஆயுத முதலாளி மிதிப்பான்.

அணு ஆயுதங்களைத் தடை செய்யும் ஒப்பந்தத்தை 2017-இல் ஐ.நா. மாநாடு நிறைவேற்றியது. அணுகுண்டு வைத்துள்ள 9 நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. நமது இந்தியாவும் சேரவில்லை. சேர வேண்டுமென்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போடுவோம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவோம்.

குண்டுக்குக் கொட்டும் பணம் நம் வியர்வை. அதைத் தடுக்கும் பலமும் நம் கையில்தான்!

அணு ஆயுதம் ஒழிக! உலக சமாதானம் ஓங்குக!