பெட்டியில் விழுந்தது ஒன்று, பலகையில் ஏறியது ஒன்று



நெய்த கெஜம் ஒன்று, மேஸ்திரி நோட்டில் ஏறுவது ஒன்று. இது மில் தொழிலாளிக்குத் தெரியும். களத்துமேட்டில் மரக்கால் பிடிக்கும் கையின் தந்திரம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். ஓட்டிலும் இதே களவு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1986ல் நடந்ததை எடுத்துச் சொல்கிறோம்.

அங்கே 1965 முதல் மார்க்கோஸ் ஆட்சி. 1972ல் ராணுவச் சட்டம் போட்டார், பத்திரிகைகளைப் பூட்டினார், வேலைநிறுத்தத்தைத் தடை செய்தார். எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோ 1983ல் மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜனங்கள் கொதித்தார்கள். ஜெயித்துக் காட்டுகிறேன் என்று மார்க்கோஸ் முன்கூட்டியே தேர்தல் வைத்தார். எதிர்த்து நின்றவர் அக்கினோவின் மனைவி கொரஸோன்.

பிப்ரவரி 7ல் ஓட்டுப்பதிவு. பணம் பாய்ந்தது. அடியாட்கள் பெட்டிகளைப் பறித்தார்கள். பட்டியலில் பெயரைக் காணாமல் திரும்பியவர்கள் ஏராளம். இதெல்லாம் எங்கும் உள்ள பழைய வித்தை. எண்ணும் இடத்தில் நடந்ததுதான் விசேஷம். சர்க்கார் தேர்தல் கமிஷனின் கணக்கில் மார்க்கோஸ் முந்தினார். தொண்டர்கள் தனியாகக் கூட்டிய கணக்கில் கொரஸோன் முந்தினார். 9ந் தேதி இரவு, கமிஷனுக்காகக் கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்த ஊழியர்கள் முப்பது பேருக்கு மேல், பெரும்பாலும் இளம் பெண்கள், எழுந்து வெளியே நடந்தார்கள். தாங்கள் ஏற்றிய எண் வேறு, பலகையில் காட்டும் எண் வேறு என்றார்கள். கையில் துப்பாக்கி இல்லை, சம்பளத்துக்கு உழைப்பவர்கள். உயிருக்குப் பயந்து ஒரு மாதா கோயிலில் அடைக்கலம் புகுந்தார்கள். பயந்தும் நடந்தார்கள் பாருங்கள்!

15ந் தேதி மார்க்கோஸ் ஜெயித்ததாகப் பார்லிமெண்ட் அறிவித்தது. 22ல் அவருடைய பாதுகாப்பு மந்திரியே அவரைக் கைவிட்டார், ராணுவம் பிளந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் மணிலாவின் பெருஞ்சாலையில் டாங்கிகளை மறித்து நின்றார்கள். 25ந் தேதி இரவு, அமெரிக்கர்களின் உதவியோடு மார்க்கோஸ் ஹவாய்த் தீவுக்கு ஓடினார். "ஜெயித்தவர்" பத்து நாளைக்கு மேல் நிற்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். எண்ணிக்கையில் நம்பிக்கை செத்ததால், யார் ஆள்வது என்பதில் பாதியைப் பட்டாளம் முடிவு செய்தது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? கொரஸோன் ஆட்சியைக் கவிழ்க்க ராணுவத்தில் ஒரு கூட்டம் திரும்பத் திரும்பக் கிளம்பியது. 1989 டிசம்பரில் ஜனாதிபதி மாளிகையையே விமானத்திலிருந்து தாக்கினார்கள். நாளை யார் ஆள்வார் என்றே தெரியாத ஊரில், கூலி உயர்வு கேட்பவன் யாரிடம் மனுக் கொடுப்பான்?

நமது பூத் ஏஜெண்டுகளுக்கு ஒரு வார்த்தை. பதிவு முடிந்ததும், பதிவான மொத்த ஓட்டைக் குறித்த 17சி படிவத்தின் நகல் உங்களுக்கு உரியது. கையெழுத்தோடு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். எண்ணும் மேஜையில் அதைக் காட்டித்தான் கேட்க முடியும்.