குயிலும் சரக்கொன்றையும்



சித்திரையில் மேல்பட்டாம்பாக்கத்தில் குயிலைக் கேட்கிறோம், சரக்கொன்றையைக் காண்கிறோம். காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்ட வளர்ந்தும் குயில் தன் குரலிலேயே கூவுகிறது. (கூவுவது ஆண், புலவர் பலர் பெண்ணாக்கிவிட்டனர்!) அப்பாட்டு பிறப்போடு வந்தது. கல்வியும் பிறப்பால் வருவதென்று கூறியே நம் முன்னோரைப் பள்ளித் திண்ணைக்கு வெளியே நிறுத்தினர்.

நாம் கொன்றையைக் காட்டுவோம். முழ நீளக் காயினுள் அறைக்கொன்றாக விதைகள் கிடக்கும். தோல் கடினமானது, நீர் புகாது. அப்படியே ஊன்றினால் பெரும்பாலானவை முளைக்கா. விதையைப் பழிக்கலாமோ? கரட்டுக் கல்லில் தேய்த்து, ஓரிரவு ஊறவைத்து ஊன்றினால் முளைக்கின்றன. தேய்ப்பது தோலளவே, உள்ளிருக்கும் பருப்பு சிதையலாகாது. பிரம்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும் இதனைச் சொல்கிறோம்.

படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளுக்கு இவ்வாரமே செல்வோம்.